தாய்மாமன் காத்திருந்தான்

“ஆணா பொண்ணான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க நர்சம்மா. நாட்டார் கூட்டத்துல நாந்தான பதில் சொல்லோணும்!”

நர்ஸ் சென்றாயனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் அறைக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

உள்ளே கிடந்தது அவன் தங்கச்சி பொன்னாயியின் மகள் அத்தாயி. பதினாலு வயசு. இன்னும் பெரியவளாகவில்லை, அதற்குள் வயிறு பானையாய் உப்பிவிட்டது. நேற்றிலிருந்து மூத்திரமும் இறங்கவில்லை. மலையிலிருந்து அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரை தொட்டில் கட்டித் தூக்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் சேலத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

“கடைசியாக் கேக்கறேன் பொன்னாயி. எவன் அவன்?”

“எவனும் இல்லீங்கண்ணா! மாசாமாசம் வயித்து வலின்னு சுருண்டுக்குவா. நாலு நாள்ல எந்திரிச்சுக் காட்டுக்குப் போயிருவா. வேறொண்ணும் அறியமாட்டா எம்புள்ள.”

“ஆமா, பலாப்பழத்தை முழுசா முழுங்கிட்டா!”

சென்றாயன் வழியெல்லாம் கணக்குப் போட்டிருந்தான். மலை ஊர்ப் பெரியவர்களான நாட்டார் கூடித் தள்ளிவைப்பதற்குள் தானே தங்கச்சியைத் தள்ளிவைத்துவிட்டால், தன் குடும்பமாவது தப்பும். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“கேட்டுக்க. இனி நான் உனக்கு அண்ணனும் இல்ல, அவளுக்கு மாமனும் இல்ல. நீயும் உம்மவளும் மலையேறப்படாது!”

பொன்னாயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. குளோரோபாரம் நெடியோடு டாக்டரம்மா வெளியே வந்தார்.

“என்னய்யா சத்தம்? குழந்தையும் இல்ல, குட்டியும் இல்ல. பிறவியிலேயே பிறப்பு வழியை ஒரு மெல்லிய தோல் மூடியிருந்திருக்கு. மாசாமாசம் வெளியேற வேண்டிய ரத்தம் போக்கிடம் இல்லாம உள்ளேயே தேங்கிப்போச்சு. தோலைக் கீறிவிட்டேன், எல்லாம் வடிஞ்சிடுச்சு. பொண்ணு பிழைச்சுட்டா.”

சென்றாயனின் மீசை ஒருபக்கமாகத் தொங்கியது. “அப்பிடீன்னா... அவ இன்னும் வயசுக்கு வராத புள்ளதானுங்களா?”

“யார் சொன்னது? அவ பெரியவளாகி ஆறு மாசமாச்சு. வெளியே தெரியல, அவ்வளவுதான்.”

டாக்டரம்மா போய்விட்டார். பொன்னாயி முகத்தைத் துடைத்து, கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“ஆறு மாசம் பிந்திருச்சுங்க தாய்மாமனே, ஓடிப்போயி மருமவளுக்குக் குச்சுக் குடிசை கட்டத் தழை வெட்டுங்க!”