பாவின் கோடி

தெரு நெடுக இடுப்புயரத்தில், தறிக்கு ஏற்றப்போகும் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருக்கிறது. காலை வெயிலில் அத்தனை இழையும் அரக்குச் சிவப்பாய் எரிகிறது. இந்தப் பக்கம் முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பிய பிரியதர்ஷினி, அந்தப் பக்கம் புறப்படத் துடிக்கும் ஷேர் ஆட்டோ. பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்தால் நாலே எட்டு. அவளோ ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பாவின் கோடியை நோக்கி ஓடுகிறாள். இழை சரிபார்க்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, “ஓடு கண்ணு, ஓடு!” என்று கத்துகிறார்கள். கோடியைச் சுற்றி, மூச்சிரைக்க ஏறி உட்காருகிறாள். ஊருக்குப் புதிய டிரைவர் சிரிக்கிறார். “அடியில பூந்து வந்திருக்கலாமேம்மா?” “ஐயையோ! பாவுக்கு அடியில யாராவது பூருவாங்களாண்ணா?” “ஏன், பூந்தா என்னா ஆவும்?” “பூரக்கூடாதுண்ணா, அவ்ளோதான்!” என்று அவள் தெருவைத் திரும்பிப் பார்க்கிறாள். அவளை வழியனுப்பப் பின்னாலேயே கிளம்பிய தெருநாய், அதே கோடியைச் சுற்றிக்கொண்டு, இப்போதுதான் வாலாட்டியபடி வந்து சேருகிறது.