பக்குவமாய்ச் சொல்ல ஒரு செய்தி

“இப்பவே சொல்லிப்போடுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்.”

ஹைடல்பெர்க் கோட்டை வாசலில் நின்று யோகம் பல்லைக் கடித்தாள். அவள் கணவர் கனகலிங்கம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் தள்ளி, சுவரோரம் நின்று தலைமயிரைச் சரிசெய்துகொண்டிருந்தாள் லலிதா. யோகத்தின் பள்ளித்தோழி. ரொறன்ரோவிலிருந்து சின்ன விடுமுறையில் ஜெர்மனி பார்க்க வந்து, ஸ்டுட்கார்ட்டில் இவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள்.

சாவகச்சேரியில் அவளுடைய அம்மா இன்று காலமாகிவிட்டாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் புருசனுக்கும் பெண்சாதிக்கும் தகராறு.

மலை ரயிலில் ஏறும்போதுதான் கார்த்திகன், லலிதாவின் தம்பி, கனகலிங்கத்தை அழைத்தான்.

“அக்கா போன் எடுக்கிறா இல்லை, அண்ணை. நீங்கள் பக்குவமாச் சொல்லுங்கோ. அவா முகம் பாக்க வாறதெண்டால் சனிக்கிழமை வரைக்கும் பிரேதத்தை வைச்சிருப்பம். இல்லாட்டி நாளைக்கே எடுக்கவேண்டியதுதான்.”

கனகலிங்கம் உடனே தெரிந்த தமிழ்ப் பயண முகவர் ஒருவரைப் பிடித்து, இன்றிரவு பிராங்பேர்ட்டிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு சீற் ஒதுக்கி வைத்துவிட்டார். ஓடியாடிச் செய்வதில் மனிதர் கெட்டி. வாயைத் திறந்து சொல்வதில்தான் கோழை.

“அவவுக்குப் பிரஷர் இருக்குது. வெறும் வயித்தில சொல்லி, இந்தப் படியில மயங்கி விழுந்தா என்ன செய்யிறது? சாப்பிட்டு முடியட்டும்.”

“என்ர அப்பா செத்ததையும் இப்பிடித்தான் ஆறுதலாச் சொன்னியள். நான் போய்ச் சேரச் சாம்பல்தான் மிச்சம்.”

கனகலிங்கம் லலிதாவிடம் போனார்.

“லலிதா, ஒரு விசயம்...”

“முதல்ல ஒரு படம் எடுங்கோ அண்ணை. பின்னால ஆறும் பாலமும் வரவேணும். உங்கட போனிலயே எடுங்கோ, என்ரையை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். லீவில வந்தும் அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு திரியேலாது.”

எடுத்தார். சிரிக்கச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. சொல்லாமலே அவள் நன்றாகச் சிரித்தாள்.

கோட்டையின் நிலவறையில் வீடு மாதிரி ஒரு வைன் பீப்பாய். அதன் முன்னால் ஒரு படம். முற்றத்தில் இன்னொன்று. பாவம், இதுதான் அவள் கடைசியாகச் சந்தோசமாக எடுக்கும் படம் என்று ஒவ்வொரு முறையும் கனகலிங்கம் நினைத்துக்கொண்டார்.

கீழே இறங்கி ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தாய் பிரேதமாகக் கிடக்க மகள் மச்சம் மாமிசம் சாப்பிடுவதா? யோகத்துக்குப் பொறுக்கவில்லை.

“லலி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மரக்கறியாச் சாப்பிடுவம்.”

“உனக்கு மறதி வந்திட்டுது. இண்டைக்கு வியாழன்” என்று சிரித்த லலிதா, ஷ்னிட்சலுக்குச் சொன்னாள். பெரிய தட்டில் வந்த பொரித்த இறைச்சியை எலுமிச்சை பிழிந்து ரசித்துச் சாப்பிட்டாள்.

யோகம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

தட்டு காலியானதும் கனகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“லலிதா...”

“பாலத்தில போய்க் கதைப்பம் அண்ணை. வெயில் போனால் படம் வடிவா வராது.”

பழைய பாலத்தில் கால் வைத்தபோது மறுபடியும் கார்த்திகன்.

“ஐயர் கேக்கிறார், அண்ணை. அக்கா வாறாவோ?”

“பொறு தம்பி. இப்ப சொல்லுறன்.”

அவர் திரும்புவதற்குள் யோகம் பொறுமை இழந்து லலிதாவின் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டாள். கண்ணீர் கொட்டியது.

“லலி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளடி. உன்ர அம்மா...”

லலிதா கையை உருவிக்கொண்டாள்.

“சொல்லாதை!”

அம்மா என்றதுமே லலிதா பயந்துவிட்டாள் போல என்று நினைத்த கனகலிங்கம் அவசரமாக முன்னால் வந்தார்.

“பயப்பிடாதேங்கோ லலிதா. இரவுக்கே சீற் வைச்சிருக்கிறன். இங்கயிருந்து நேர நானே கொண்டுபோய் ஏத்திவிடுறன். முகம் பாத்திடலாம்.”

லலிதா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில்லாத குறைக்குக் கழுத்துத் துணியால் துடைத்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“என்ர மகள் விடியவே போனில சொல்லிட்டாள், அண்ணை. அதுக்குப் பிறகுதான் போனை நிப்பாட்டினனான்.”

“பிறகேன்டி...” என்று தொடங்கினாள் யோகம்.

“நீங்கள் சொல்லும்வரைக்கும் எனக்குத் தெரியாது. சொல்லிட்டியளெண்டால் செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு. துடக்கோட ஊர் சுத்திப் பாத்தவள் எண்டு சனம் காறித் துப்பும். எத்தினை வருசத்துக்குப் பிறகு எடுத்த லீவு இது! நான் போனால் அம்மா எழும்பியோ வரப்போறா?”

கனகலிங்கத்தின் கையில் கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. லலிதா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“தம்பியிட்ட, அக்காவோட கதைக்க ஏலாமல் கிடக்குது, நாளைக்கே எடுங்கோ எண்டு சொல்லுங்கோ. எனக்குச் சனிக்கிழமை ரைன் ஆத்தில படகுச் சவாரி முடிஞ்சு இறங்கினாப் பிறகு சொல்லுங்கோ, அண்ணை. அப்ப அழுறன்.”