நூலகத்தில் ஒரு புற்று

"ஏனுங்க, இது பள்ளிக்கூட லைப்ரரிங்க! புள்ளைங்க தொட்டுப் பாத்துப் படிக்கிற எடமுங்க. அவங்கள உள்ள உடுங்க!" கெஞ்சிக் கெஞ்சி நூலகர் கயல்விழிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

காடு போலப் புதுப்பித்த அறை. மூங்கில் அலமாரிகளுக்கு நடுவே இருந்த புற்றில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. சுற்றிலும் ஊர்ப் பெண்கள்.

"புத்துக்கிட்ட செருப்புக் காலோட ஓடியாடுனா சாமி குத்தமாயிருமுங்க அம்மணி."

நாளை திறப்பு விழா. கலெக்டர் வருகிறார். கடைசி நம்பிக்கையாகக் கொத்தனார் மாசாணத்துக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அவர் வாசலுக்கு வந்ததும் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"போன வாரம் நீங்கதானே இதைச் சிமெண்டுல செஞ்சீங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க!"

மாசாணம் செருப்பைக் கழற்றிவிட்டு, பால் செம்போடு உள்ளே வந்தார்.

"நாந்தானுங்க செஞ்சேன். செஞ்ச அன்னைக்கே என்ற சம்சாரத்துக்கு மூணு மாசக் காய்ச்சல் உட்டுப்போச்சுங்களே!"