கொழுப்புத் தொட்டிக்கு ஒரு சேவல்

நகராட்சி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெர்த்திங் கையிலிருந்த தீக்குச்சியைப் பார்த்தான். அவன் மனைவி தேத்தா யாரையும் பார்க்கவில்லை. எண்ணெய்க் கொப்பரை ஓரமாகக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

இன்று அடுப்பு பற்றாவிட்டால் கொல்லையில் கழிவைப் புளிக்கவைத்து அடுப்புக்கு வாயு எடுக்கும் தொட்டியை மண் போட்டு மூடிவிடுவார்கள். நாற்றம் தெருவைத் தாண்டிவிட்டது.

தொட்டி போனால் கடையும் போகும். சிபு நகரத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வாங்குகிற, சிச்சரோன் என்ற பொரித்த பன்றித்தோல் விற்கும் கடை. பன்றித்தோலில் வழித்தெடுக்கிற கொழுப்பைக் கொட்ட ஊரில் வேறு இடம் கிடையாது.

கொழுப்பைத் தின்று தின்று தொட்டிக்கு அஜீரணம். ஒரு மாதமாக மேலே ஏடு கட்டி, புளித்து, ஒரு குமிழிகூட விடாமல் கிடந்தது.

விவசாயக் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து பார்த்தாள். கொட்டாங்குச்சிக் கரியைப் பொடித்துத் தினமும் கரைத்து ஊற்றச் சொன்னாள். உள்ளே இருக்கிற கிருமிகள் கரி வழியாக ஒன்றுக்கொன்று மின்சாரத்தைக் கைமாற்றிக்கொள்ளுமாம். கொழுப்பு செரித்து வாயுவாகுமாம். நிறுத்தினால் மறுபடி மந்தம் தட்டுமாம்.

பெர்த்திங் வயிறு குலுங்கச் சிரித்தான். "கிருமிக்குக் கரண்டா? அப்ப ஒரு மீட்டரும் மாட்டிட்டுப் போம்மா!"

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் வேறு. வீட்டு அஸ்திவாரத்துக்கும் புதுப் படகுக்கும் சேவல் ரத்தம் காட்டுகிற ஊர். தொட்டி கட்டியபோது காட்டவில்லை. அந்தக் குறைதான் என்று குறிசொல்லுகிறவள் சொன்னாளாம். சாதாரணச் சேவல் ஆகாதாம், சண்டைச் சேவல்தான் வேண்டுமாம்.

செய்தியைக் கொண்டுவந்தவள் தேத்தா.

ஞாயிறு தவறாமல் சண்டைக் களத்துக்குக் கக்கத்தில் இடுக்கிப் போன சிவப்புச் சேவல். பெண்டாட்டிக்குப் போர்வை போர்த்தாதவன், அதற்கு மழைநாளில் சாக்கு போர்த்துவான். மூன்று நாள் சோறு இறங்காமல் யோசித்து, போன புதன்கிழமை கண்ணை மூடிக்கொண்டு அறுத்தான்.

இப்போது குச்சியைக் கிழித்தான்.

புஸ்ஸென்று பற்றி, கொப்பரையின் அடி முழுக்க நீலமாகப் படர்ந்தது.

நகராட்சி ஆள் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார். பெர்த்திங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்டாட்டியைச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"பாத்தியா இண்டாய்! கரியாம் கரி. எஞ் செவப்பன் உசுருல்ல எரியுது!"

"ஆமா தோங். அவன் மாதிரி வருமா" என்றாள் தேத்தா, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

எழுந்து போய்க் கை கழுவினாள். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. இருபது நாளாக, அவன் விழிப்பதற்கு முன்பே கொட்டாங்குச்சிக் கரி இடித்த கை.

கொல்லையில் மிச்சமிருந்த இரண்டு சண்டைச் சேவல்கள் மாறி மாறிக் கூவின.

தேத்தா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரம் கரி இடிக்காமல் நன்றாகத் தூங்கலாம், தொட்டிக்கு மறுபடி மந்தம் தட்டினால் தட்டட்டும் என்று தோன்றியது.