அழுக்குக் கூடை

பேட்டரி ஆலைத் தொழிலாளியின் மனைவி கொடுத்த சிறுநீர் கலங்கலாக இருந்தது; நாறியது. அதில் ஈயம் போன ஆண்டைவிட இரு மடங்கு ஏறியிருந்தது.

“இன்னும் ஏறினா சிறுநீரகம் போயிடும்மா. புருஷனோட ஈயத்தூள் படிஞ்ச வேலைச் சட்டையை வீட்டுல துவைக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!” என்றார் மருத்துவர்.

“அவர் செத்து எட்டு மாசமாச்சு, டாக்டர்.”

“அப்புறம் யார் சட்டையைத் துவைக்கிறீங்க?”

“அவரோடதுதான். எரிச்சும் பார்த்தாச்சு. சாயங்காலமானா அழுக்குக் கூடையில வந்து கிடக்குது. வீடே நாறுது. துவைக்காம எப்படி விடறது?”

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் பிளாஸ்டிக் பை ஒன்றை மேசைமேல் அவிழ்த்தாள்.

“இது நேத்து வந்தது.”

சாம்பல் நிறப் பிசுக்கு படிந்த காலரை அவர் இரண்டு விரலால் தூக்கினார். அது வேர்வையில் நனைந்து, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.