ஓ.டி.பி. வந்துச்சா, நைனா?

"இந்த மாசத்தோட அந்தக் கடைக் கார்டுக்கு ஒரு முழுக்குப் போடுங்க. இல்லன்னா போனை நானே தூக்கிக் கிணத்துல போட்டுடுவேன்" என்றாள் சுந்தரி.

பூவராகவன் கட்டிலுக்கடியில் சோப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டும் பழக்கம் விடவில்லை. கட்டிலுக்கடியில் சோப்பு, பரண் மேல் பேஸ்ட், பீரோவுக்குப் பின்னால் துணி துவைக்கும் தூள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால் மனுஷர் ஆறு வாங்குவார். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

"கார்டு இன்னாடி பண்ணுச்சு உன்ன? பாயிண்டு எம் பேர்லதான ஏறுது?"

"ஏறுதாம் பாயிண்டு! எந் தம்பி எதிர்ல என்னால தலை தூக்க முடியல."

சுந்தரியின் கோபத்துக்குக் காரணம் உண்டு. குடிபாலாவில் இருக்கும் தம்பி மகனுக்கென்று பேசிவைத்திருந்த ஒரே மகள் கன்னிகா, நாயுடுபேட்டை யோகேஷைக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பதிக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரு பொட்டு நகையைத் தொடவில்லை. சூப்பர் மார்க்கெட் கார்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண்.

இனி அவளோடு இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று சுந்தரி அன்றைக்கே சொல்லிவிட்டாள். பூவராகவனும் தலையாட்டினார். ஆனால் கார்டு அவர் பெயரில் இருந்தது. மாதத்தின் முதல் வாரம் ஆஃபர் கூப்பனைப் போட வேண்டுமென்றால் அவர் போனுக்கு நாலு எண்ணில் ஒரு ஓ.டி.பி. வரும். அதைச் சொன்னால்தான் பில்லில் தள்ளுபடி விழும். "கோவம் வேற, ஆஃபர் வேற" என்று வாதாடி, மாதம் ஒரு போனுக்கு மட்டும் அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

போன் அடித்தது. மெசேஜைப் பார்த்துக்கொண்டே பேச வசதியாக ஸ்பீக்கரில் போட்டார்.

"நைனா, ஓ.டி.பி. வந்துச்சா?"

"இரு, கண்ணாடிய தேடிக்கினு இருக்கேன்." கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. "இன்னா ஆஃபரு?"

"எண்ண அஞ்சு லிட்டர் கேனுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு சும்மா. வாஷிங் பவுடரு பாதி வெல. சீக்கிரம் சொல்லு நைனா, பில்லு போடறவரு தொந்தரகா, தொந்தரகான்னு தெலுங்குல அவசரப்படுத்தறாரு."

"அவன் கெடக்கறான். தேதி பாத்து எடு. முன்னால அடுக்கினது பழசா இருக்கும், பின்னால கைய உட்டு எடு."

"அதெல்லாம் எடுத்துட்டேன். நீ துன்னியா நைனா?"

"துன்னேன். களி."

"அம்மா முட்டி வலிக்குத் தைலம்கூட ஒண்ணுக்கு ஒண்ணு போட்டிருக்கான். எடுக்கட்டா?"

சுந்தரி வெடுக்கென்று நிமிர்ந்தாள். தன் முட்டி வலி திருப்பதி வரைக்கும் போயிருக்கிறதா? வாயைத் திறப்பதற்குள் குக்கர் விசில் அடித்தது. எதையோ வைத்துவிட்டு மறந்தோமே என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. பக்கத்து வீடாக இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள்.

"நம்பர் சொல்றேன், கேட்டுக்கோ" என்றார் பூவராகவன். போனும் ஒரு சோப்புப் பெட்டியும் மடியில் கிடக்க, குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். "ஜீரோ... எய்ட்... டூ... செவன்."



"எடுத்துக்கிச்சு நைனா! வச்சிடட்டா?"

"வை. அடுத்த மாசம் மறந்துடாத."

போன் அடங்கியதுதான் தாமதம், சுந்தரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எம் முட்டி வலிய அவளுக்கு யாரு சொன்னது? நாலு நம்பரு சொல்றதுக்கு நாப்பது பேச்சு! அந்தக் கடை மெசேஜே இனிமே இந்த வீட்டுக்கு வரக் கூடாது. கொண்டாங்க இப்படி!"

போனைப் பிடுங்கிக்கொண்டாள். பூவராகவனின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஒரு போனும் இல்லையென்றால் மகள் இருந்தும் இல்லாததுதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

சுந்தரி மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கேஸ் சிலிண்டர், கரண்டு பில், பேங்க். இன்னும் தள்ளினாள். வெகு கீழே கடையின் ஓ.டி.பி. ஒன்று அகப்பட்டது. பொங்கல் ஆஃபருக்கு வந்தது. இப்போது ஆடி மாதம் நடக்கிறது.

"இன்னிக்கி மெசேஜே வரலியே?"

"வராது. பொங்கலுக்கு அப்புறம் கார்ட அவ நம்பருக்கே மாத்திக்கினா போல."

"அப்ப நீங்க படிச்ச நம்பரு?"

அவர் சோப்புப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். எக்ஸ்பைரி தேதி, 08/27.

"கடையில எடுத்துக்கிச்சுன்னாளே?"

"இன்னா கடை? போன்ல அவ வூட்டு குக்கர் விசிலு உனக்குக் கேக்கல?" பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆறு மாசமா நான் எதைச் சொன்னாலும் எடுத்துக்குது, சுந்தரி."

சுந்தரி போனைத் திருப்பித் தரவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கை உறிஞ்சினாள்.

"அடுத்த மாசம் நம்பர நான் சொல்றேன்."