ஞாயிற்றுக்கிழமை மறதி

பரந்தனுக்குப் பக்கத்திலுள்ள ஆடைத் தொழிற்சாலையின் பூட்டிய கேற்றுக்கு முன்னால், காலை வெயிலில் ஐந்தாறு பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு நிற்கிறார்கள். தையல் மெசின்களின் இரைச்சல் இல்லாததால் வேப்பமரத்துக் காகத்தின் குரல் பெரிதாகக் கேட்கிறது. காவலாளி கிறகோரி கதிரையை விட்டு எழும்பி வருகிறார். "பிள்ளையள், இண்டைக்கு ஞாயிறெல்லோ! கிழமையிலை ஒரு நாள் ஓய்வு சட்டப்படி வேணுமெண்டு இந்தக் கேற்றடியிலை நிண்டு கத்தினது நீங்கள்தானே? கிடைச்ச முதல் ஞாயிறையே மறந்துபோனியளோ?" "ஓம் அண்ணை, மறந்துபோனம்" என்கிறாள் விமலேஸ்வரி. மற்றவர்களும் பெரும் கவலையோடு தலையாட்டுகிறார்கள். ஒருத்தி நெற்றியில் அடித்துக்கொள்கிறாள், கொஞ்சம் பிந்தி. ஆனால் ஒருத்தியும் திரும்பிப் போவதாக இல்லை. அவர்களில் ஒருத்தியான டக்சாயினியின் கைத்தொலைபேசி அடிக்கிறது; வீட்டிலிருந்து கணவன். அவள் குரலைக் களைப்பாக்கிக்கொள்கிறாள். "ஓமப்பா, வந்திட்டன். வேலை தொடங்கப்போகுது. மத்தியானச் சோத்தை நீங்களே வடியுங்கோ. உடுப்பு ஊறப்போட்டிருக்கு, அதையும் தோய்ச்சுப் போடுங்கோ." விமலேஸ்வரி தன் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியிலிருந்து மடித்த பாயொன்றை இழுத்தெடுத்து, வேம்பின் நிழலில் உதறி விரிக்கிறாள். காகம் எழும்பிப் பறக்கிறது. அவள் காலை நீட்டிப் படுத்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்கிறாள். தலைப்புக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது: "அண்ணை, வீட்டிலயிருந்து ஆரும் தேடி வந்தால், நாங்கள் உள்ளுக்கை வேலையிலை நிக்கிறமெண்டு சொல்லிவிடுங்கோ."